மலைக்கு ஒரு கம்பளி

"இதைவிடத் தடியா இல்லையாடீ?"

நான்காவது கம்பளியையும் தள்ளிவிட்டாள் மாதாபோ.

பூமியின் தென்பாதியில், ஜூலையில் குளிர்காலம் வரும் மசேரு நகரில் கம்பளிக் கடை வைத்திருக்கும் லினேயோவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தெருவே அறிந்த கஞ்சப் பிசினாரி, இன்று விலையே கேட்காமல் புரட்டுகிறாள்.

"யாருக்குக்கா?"

"எங்க வீட்டுக்காரருக்கு. சனிக்கிழமை அவரை மொகோட்லோங் மலைக்குக் கொண்டுபோறோம், அவங்க சொந்த ஊருக்கு."

"இந்த ஜூலைக் குளிர்ல யாராவது மலை ஏறுவாங்களா? பாதையெல்லாம் பனி கொட்டிக் கிடக்கு. அக்டோபர்ல போங்களேன்."

"அவ்வளவு நாள் தாங்காது. ஊர்ச் சனமும் காத்துக்கிட்டிருக்கு."

லினேயோ உள்ளே போய், சோளக்கதிர்ப் படம் போட்ட கம்பளியை எடுத்து வந்தாள். கடையிலேயே உசத்தி அதுதான்.

"இதைப் போர்த்திக்கிட்டா பனிக்கட்டி மேலேயே தூங்கலாம். அவரை ஒரு நடை வரச் சொல்லுங்க, தோளுக்குச் சரியா இருக்கான்னு பார்த்துடலாம்."

"எப்படி வருவார்? பிணவறையில இல்ல கிடக்கார்!" மாதாபோ கம்பளியைத் தடவிப் பார்த்தாள். "நல்ல கம்பளியா சுத்திப் புதைக்கலைன்னா, அவர் தங்கச்சிங்க நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேப்பாளுங்க."

லினேயோ பதறிப்போனாள். "ஐயோ! நல்லாத்தானே இருந்தார்? என்னக்கா ஆச்சு?"

"வாட்ச்மேன் வேலைதானே? கேட்டு வாசல்ல உட்கார்ந்தபடியே குளிர்ல விறைச்சுப் போயிட்டார். ஒரு கம்பளி வாங்கிக் கொடுன்னு மே மாசத்துல இருந்து நச்சரிச்சார். ஆகஸ்ட் முடிஞ்சா குளிர் தானா போயிடும், எதுக்குத் தண்டச்செலவுன்னு நான்தான் விட்டுட்டேன்."