முன்பெஞ்சின் மன்றாட்டு

இராயபுரம் கோயிலில் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் செபம். மக்கள் எழுதிப் போட்ட மன்றாட்டுச் சீட்டுகளை மைக்கில் வாசிப்பது, கலியாணமே வேண்டாமென்று இருக்கிற ஆன்சியின் வேலை. வெளியே கன்டெய்னர் லாரிகள் உறுமுகின்றன. உருகிய மெழுகும் அழுகிய சம்பங்கியும் நாறும் மாலை வெக்கையில் ஒரு சீட்டைப் பிரிக்கிறாள். ஓரத்தில் வெற்றிலை எச்சில். "நாற்பத்தொரு வயது ஆன்சிக்கு, பெண்டாட்டியை இழந்தவராவது அமைய வேண்டும்." அவள் சீட்டை மடிக்கப் பார்க்கிறாள். "படிம்மா, நான்தான் எழுதிப் போட்டேன். எத்தினி நாளிக்குத் தனியா கெடப்ப?" என்கிறாள் வெற்றிலை மெல்லும் முன்பெஞ்சு வியாகுலம்மாள். ஆன்சி வாசிக்கிறாள். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயிலே இழுத்துப் பாடுகிறது. சீட்டைக் கசக்கிக் காலடியில் போட்டுவிட்டு, வெறுங்கையோடு அடுத்ததைச் சொல்கிறாள்: "ஆன்சிக்குக் கொடுத்த தனி வாழ்வுக்காக ஆண்டவருக்கு நன்றி கூறுவோம்." பதிலையும் மைக்கில் அவளே தனியாகப் பாடுகிறாள்.