வழுக்கும் பிரடை

கோண்டார் நகர மதுக்கடையில் மூன்றாவது பாட்டின் நடுவே பெலாயின் மசெங்கோ வாத்தியத்தில் சுருதி கூட்டும் பிரடைக் கட்டை வழுக்கி, இருந்த ஒரே தந்தியும் தொய்ந்தது.

"பிரடையும் தேஞ்சு போச்சு, எங்க வீட்டுக்காரரும் தேஞ்சு போனார்," என்றாள் கூடப் பாடும் மனைவி யெஷி. கடையே சிரித்தது. அவன் முறுக்கி முடிக்கும்வரை, வழக்கம்போல வியாபாரி வொர்க்குவின் மேசையில் பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பெலாய் பிரடையில் சாக்பீஸைத் தேய்த்தான். கடைசிப் பாட்டுவரை அது அசையவில்லை. யெஷியின் முகம்தான் வாடிக் கிடந்தது.

"தேஞ்ச கட்டைக்கு இவ்ளோ பாடா?" என்றாள்.

"இனிமே நீ நடுவுல நிறுத்தாம பாடலாமே."

அடுத்த நாள் மூன்றாவது பாட்டில் பிரடை மறுபடியும் வழுக்கியது. உருவிப் பார்த்தான். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியதை முகர்ந்தான்.

அவள் கூந்தலுக்குப் பூச அவனே சந்தையில் பார்த்துப் பார்த்து வாங்கித் தரும் வெண்ணெய்.

வொர்க்குவின் மேசையில் யெஷி சிரித்துக்கொண்டிருந்தாள்.