தொப்புளில் கட்டிய காசு

எட்டு மாதமாக அந்த வீட்டில் குழந்தை அழுததில்லை. அழுதால் தொப்புள் பெருவிரல் அளவுக்குப் புடைத்துக்கொள்கிறது என்பதால், பெனிட்டாவை அழ விடவே கூடாது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவள் கை நீட்டியதெல்லாம் கிடைத்தது: அப்பாவின் மூக்குக்கண்ணாடி, ரிமோட், பீரோ சாவி. தொப்புளின்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள் அம்மா எஸ்தர்.

"முதல்ல இத அவுருங்க" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். காசு இருந்த இடம் வட்டமாகப் புண்ணாகியிருந்தது. "இப்ப கொஞ்சம் அழ வைங்க, பாக்கணும்."

எஸ்தரும் கணவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எப்படி அழவைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. குழந்தை காசுக்குக் கை நீட்டியது. டாக்டர் அதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். குழந்தைக்கு முதலில் புரியவில்லை. பிறகு உதடு பிதுங்கி வீறிட்டது. தொப்புள் எழுந்தது. எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர் விரலால் மெதுவாக அழுத்தியதும் அது களுக்கென்று உள்ளே போனது. "வயித்துச் சதையில சின்ன ஓட்டைதாம்மா. வளர வளர பெரும்பாலும் தானா மூடிக்கும். உள்ள போகாம கல்லு மாதிரி நின்னா மட்டும் உடனே ஓடி வாங்க. மத்தபடி அழுதா ஒண்ணும் ஆகாது."

திரும்பும் பேருந்தில் குழந்தை கண்டக்டரின் விசிலுக்குக் கை நீட்டியது. கணவன் பதறி எழப்போனான். எஸ்தர் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"கெடைக்காதுடி" என்றாள் மகளிடம்.

பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி பெனிட்டா அழுதாள்.

"புள்ளைக்கு என்னம்மா?" என்றார் முன்சீட்டுக்காரர்.

"ஒண்ணுமில்லண்ணே" என்று சிரித்தாள் எஸ்தர். "அழுவுறா."