அவள் குரல் மட்டும் இல்லை

ஆறு பேர் அவரவர் வீட்டிலிருந்தே வாசித்து, பாடி, இணையத்தில் சேர்த்த பாட்டு வெளிவந்தது. அதில் அவள் குரல் மட்டும் இல்லை.

"முகம் தெரியாதவங்களை நம்பாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே," என்றான் கணவன்.

கொதிப்போடு, பாட்டைத் தொகுத்த கிட்டார்காரருக்குப் போன் போட்டாள். "மூணு மாசம் பாடினேன். ஏன் சார் வெட்டினீங்க?"

"நீங்கதானேம்மா உங்க குரலை எடுத்துடச் சொல்லி மெயில் போட்டீங்க? நாங்க கெஞ்சினதுக்கு, 'வீட்டுப் பொம்பளைக்குப் பாட்டு ஒரு கேடா'ன்னு பதில் வேற."

அவள் அப்படி எழுதவே இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தைத் தினமும் கேட்டிருக்கிறாள்.

கணவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

அவள் டிவியை அணைத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அவன் முன்னால் வைத்தாள்.

"எழுதினவர் இங்கதான் சார் இருக்கார். பேசிக்கிட்டு இருங்க. நான் என் மெயில் பாஸ்வேர்டை மாத்திட்டு வந்து மறுபடியும் பாடித் தரேன்."