ஸ்பெயின் ஒயினும் மிளகு வடையும்

"மச்சான், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். இன்னிக்கு ஒரு வேளை மட்டும் வாய் வெச்சுக் குடிச்சிடுங்க."

வேலாயுதம் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, மனைவியின் அண்ணன் அப்பாதுரையிடம் கொடுத்தார். அப்பாதுரை அதை அண்ணாந்து தொண்டையில் ஊற்றிக்கொண்டு, காலித் தம்ளரைத் திருப்பித் தந்தார்.

"எச்சில் பண்ணிக் குடிக்க எனக்கு வராது மாப்ளே. நான் வேணும்னா கொல்லைப்பக்கம் உட்கார்ந்துக்கினு இருக்கேன்."

"அது எப்படி? பார்டர் டிசைன் போட்ட உங்களைப் பார்க்கணும்னு அவரே கேட்டுக்கினு வர்றாரு. ஏற்கெனவே ரெண்டு தறி முதலாளி வீட்ல சாப்பிட்டுட்டாரு. எந்த வீட்டு மனுஷங்களைப் பிடிக்குதோ அவங்களோடதான் வியாபாரமாம். நம்மளைப் பட்டிக்காடுன்னு நெனச்சிட்டார்னா போச்சு."

அவர் என்றது மிகேலை. பார்சிலோனாவில் இருக்கும் ஒரு பெரிய துணிக்கடைக்குப் பட்டு வாங்கக் காஞ்சிபுரம் வந்திருந்தார். அந்த ஆர்டர் கிடைத்தால் வேலாயுதத்தின் தறிகளுக்கு வருஷம் முழுக்க ஓய்வே இருக்காது.

மத்தியானம் மிகேல் கையில் ஒரு பாட்டிலோடு வந்தார். மதுவிலக்கு தளர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பழைய பயத்தில் வேலாயுதம் தெருக்கதவைத் தாழ்போட்டுவிட்டுத்தான் இலை போடச் சொன்னார். மெட்ராஸில் பி.ஏ. படிக்கும் மகள் கலாவதி, விருந்தாளியின் இங்கிலீஷைத் தமிழில் சொன்னாள்.

"அவங்க ஊர் ஒயினாம்பா. பாட்டிலை மூடி, உள்ளேயே ரெண்டாம் தடவை புளிக்க விடுவாங்களாம். அதான் நுரை வருது."

மூடி 'டப்' என்று பறந்து உத்தரத்தில் மோதியது. தம்ளருக்குள் குமிழிகள் பொடிப்பொடியாக ஏறிக்கொண்டே இருந்தன. அப்பாதுரை குனிந்து மோந்து பார்த்தார்.

"என்னா வாசனைப்பா. மொதல்ல எலுமிச்சந்தோலு, பின்னாடியே நம்ம இட்லி மாவு பொங்கின வாசனை. கைகாரன் ஒருத்தன் பண்ணியிருக்கான்."

மிகேல் பாயசத்தைச் சாப்பிட்டுவிட்டு ஒயினை ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது.

"இனிப்பு மேல குடிச்சா புளிக்காம என்னா செய்யும்? மிளகு வடையைக் கடிச்சுக்கினு குடிக்கச் சொல்லும்மா" என்றார் அப்பாதுரை.

மிகேல் அப்படியே செய்தார். கண்ணை மூடிக்கொண்டார். அடுத்து நெய் மணக்கும் காஞ்சிபுரம் இட்லியை ஒரு விள்ளல் எடுத்து, மறுபடி ஒரு வாய் குடித்தார்.

"எண்ணெய்ப் பிசுக்கை ஒயின் கழுவிடுதாம், மிளகுக் காரம் ஒயினைத் தூக்கிக் குடுக்குதாம். இப்படி ஒரு ஜோடியை அவங்க ஊர்லகூடப் பார்த்ததில்லையாம் மாமா."

வேலாயுதத்துக்குப் போன உயிர் பாதி திரும்பியது. தின்னிப்பண்டாரம் என்று இத்தனை நாள் கேலி செய்த மச்சானை மனசுக்குள் மெச்சிக்கொண்டார். அதற்குள் மிகேல் ஒரு தம்ளரை நிரப்பி அப்பாதுரையிடம் நீட்டிவிட்டார்.

அப்பாதுரை அதை உதட்டருகே கொண்டுபோனார். வேலாயுதம் கண்ணாலேயே கும்பிட்டார். தம்ளர் கொஞ்சம் தயங்கியது. பிறகு கை பழகிய வழியே மேலே போய்விட்டது. ஒயின் தொண்டைக்கும் நுரை மூக்குக்கும் போக, அப்பாதுரை இருமிய இருமலில் சட்டை, இலை, பாய் எல்லாம் நனைந்தன.

"போச்சு" என்றார் வேலாயுதம், வாய்விட்டே.

மிகேல் அப்பாதுரையையே பார்த்தார். எழுந்தார். கிளம்பத்தான் எழுந்துவிட்டார் என்று வேலாயுதம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மிகேல் தன் தம்ளரைத் தலைக்கு மேலே தூக்கினார். அண்ணாந்து, உதடு படாமல், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் அத்தனையையும் ஊற்றிக்கொண்டார். பிறகு கலாவதியிடம் என்னவோ சொன்னார். அவள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

"ஆர்டர் நமக்குத்தானாம்பா. அவர் பொறந்த கிராமத்துலயும் இப்படித் தூக்கித்தான் குடிப்பாங்களாம். 'காஞ்சிபுரத்துக்காரங்க நாகரிகமானவங்க, அங்கே போயி வாய் வெச்சுக் குடி, மானத்தை வாங்கிடாதே'ன்னு அவங்க முதலாளி படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினாராம்."