பூட்டிய இசைத்தட்டு

ஞாயிற்றுக்கிழமை, வீடு இன்னும் மதியத் தூக்கத்திலிருந்து எழவில்லை. மருமகன் கூடத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான். பழைய சிடி பிளேயரில் மாமனார் வாசித்த வயலின் தட்டு சுற்றுகிறது. போன வாரம் அவரே கையில் கொடுத்தது. நகல் எடுக்க முடியாதபடி வெளியிட்ட கம்பெனி அதைப் பூட்டியிருக்கிறது. கம்ப்யூட்டரில் போட்டால் துப்பிவிடுகிறது. அதனால் பிளேயரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, உள்ளங்கை அளவு எம்பி3 பிளேயரில் சொருகிப் பதிவு செய்கிறான். ஆபீஸில் ஐந்தாறு பேர் நகல் கேட்டிருக்கிறார்கள். வாசிப்பு ஓடும் வேகத்தில்தான் பதிவும் ஓடும். முடியும்வரை காவல் இருக்க வேண்டும். கதவருகே நிழல் விழுகிறது. அவன் அந்தச் சின்னக் கருவியைத் தொடைக்கடியில் தள்ளுகிறான். மாமனார் ஓசைப்படாமல் வந்து நாற்காலி நுனியில் உட்காருகிறார். கண் மூடியிருக்கிறது. இடது கை விரல்கள் முழங்காலில் அழுந்தி அழுந்தி எழுகின்றன. ஓர் இடத்தில் முகம் சுளிக்கிறார்.

“இங்க கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்.”

அவன் தலையாட்டுகிறான். தொடைக்கடியில் கருவி சுடுகிறது.

“உங்க அத்தை ரெண்டாவது பாட்டுலயே குறட்டை விட்டுட்டா, மாப்பிள்ளை. அசையாம உட்கார்ந்து கேக்கிற முதல் ஆள் நீங்கதான்.”

அவன் ஒயரின் மேல் கையை வைத்து மறைக்கிறான். வயலின் மெல்ல மேலேறுகிறது. வெயில் அவன் விரல்கள்மேல் விழுகிறது.

“இது வித்தாத்தான் அடுத்தது போடுவேன்ங்கிறான் கம்பெனிக்காரன். ஆபீஸ்ல நாலு பேரைக் கடையில வாங்கச் சொல்லுவீங்கல்ல?”