நிற்க மறுத்த எண்

செவ்வாய், மார்ச் 4.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன்: கம்ப்யூட்டர் மாஸ்டர் கேட்காத ஒரு வரியைப் புரோகிராமில் சேர்த்தேன்.

மாலை வகுப்பின் சர்வர், தகவலைப் பாக்கெட் பாக்கெட்டாக, அதாவது சின்னத் துண்டுகளாக, மேசைகளுக்கு அனுப்புகிறது; அவற்றை எண்ணிவைக்கும் எண் மிகப் பெரியது. அதை இரண்டு பாதியாகத்தான் படிக்க முடியும். நடுவில் எண் ஏறிவிட்டால் கையில் கிடைப்பது பாதி பழசு, பாதி புதுசு. அதனால் ஏறியிருந்தால் மறுபடி படிக்கும்படி எழுதியிருந்தேன். இன்று தேர்வு; அந்த எண்ணை என் புரோகிராம் படித்துக் காட்டாவிட்டால் நான் ஃபெயில்.

வரவில்லை. சர்வரில் ஓடிய என் புரோகிராம் மறுபடி மறுபடி படித்துக்கொண்டே இருந்தது.

"சர்வர்லேருந்து எவனோ விடாம இழுத்துட்டிருக்கான்! யாருடா சினிமா பாக்குறது?" என்று மாஸ்டர் கத்தினார்.

கடைசி பெஞ்சில் இருந்த 'கொட்டாவி'யை எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

"சார், நான் தூங்கிட்டுல்ல இருந்தேன்!"

மாஸ்டர் சொன்னபடி ஒவ்வொரு மேசையாகக் கேபிளைப் பிடுங்கினேன். பலனில்லை. மிச்சம் மாஸ்டரின் மேசைதான். அதன் கேபிளைக் கொட்டாவி பிடுங்கினான்.

சர்வரின் திரையில் டக்கென்று எண் வந்து நின்றது.

"படம் எப்படி சார்?" என்றான் கொட்டாவி.

மாஸ்டருக்கு வேர்த்துவிட்டது. "சரி சரி, நீ பாஸ். எல்லாரும் கிளம்புங்க!"

வீட்டுக்கு வந்துதான் நான் கூடுதலாகச் சேர்த்த அந்த வரியைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அது மாஸ்டரின் திரைக்கு, 'மறுபடி படிக்கிறேன்' என்று செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தியும் ஒரு பாக்கெட்தான். அது போனதும் எண் ஏறுகிறது. எண் ஏறியதால் மறுபடி படிக்கிறது, மறுபடி செய்தி அனுப்புகிறது. மாஸ்டரின் கேபிளைப் பிடுங்கியதும் செய்தி போக வழியில்லை, எண்ணும் நின்றது.

விடாமல் இழுத்தது நான்தான். மாஸ்டர்மேல் தப்பே இல்லை. அப்படியானால் அவருக்கு எதற்கு வேர்த்தது?

நாளைய வேலை: அந்த வரியை நீக்கிவிட்டு, மாஸ்டர் மேசையில் இருக்கும்போது எண் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்ப்பது.